மேசை மேல தலை, மடியில போனு

மூக்கு அரிக்குது. அரிக்கட்டும், நமக்குத்தான் கையில்லையே. இருக்கு, ஆனா இல்ல. கை ரெண்டும் மேசைக்கு அடியில, கண்ணாடிக்குப் பின்னால மடிமேல கெடக்கு, எதுக்க நிக்கிற சனத்துக்கு நான் வெறும் தலை. பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்துக்கு நடுவுல ஓட்டை, ஓட்டைக்கு மேல நான், கழுத்தச் சுத்திக் கனகாம்பரம், நெத்தியில அப்பளம் சைசுக்கு ஒரு பொட்டு. கீழ குனிஞ்சு பாத்தா மேசைக் காலுதான் தெரியும், நடுவுல காலியா இருக்கும். அந்தக் காலிதான் கண்ணாடி. பக்கத்துத் திரையக் காட்டிக்கிட்டு நிக்கும், சனம் அத பின்னால தொங்குற திரைன்னு நெனச்சுக்கும். அதுக்குத்தான் முன்னால கயிறு கட்டி வச்சிருக்கு. கயித்தத் தாண்டி ஒருத்தன் வந்தான்னா அவன் காலு கண்ணாடியில தெரிஞ்சிரும், எங்க பொழப்பு அன்னைக்கோட நாறிப்போயிரும். வெளிய மைக்குல தவசி அண்ணன் கத்துது. "உடல் எங்கே உயிர் எங்கே, உடம்பில்லாமல் உயிர் வாழும் ராணி மாயாவதி, கேட்டால் பதில் சொல்லும், கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கும், இன்றே கடைசி நாள்." ஆமா கடைசி நாள். பொருட்காட்சி தொடங்குன அன்னைக்கே கடைசி நாள்னுதான் சொல்லுச்சு, முடியிற அன்னைக்கும் அதத்தான் சொல்லும், அன்னைக்கு மட்டும் அது உண்மையா இருக்கும். ராணி மாயாவதி நான்தான். பெத்தவங்க வச்ச பேரு பேச்சி, படிப்பு மூணாங்கிளாசு, அதுலயும் பாதி நாளு வாசல்லதான் நிப்பாட்டி வச்சாங்க, வாய்க்கு. அந்த வாய வச்சுத்தான் இன்னைக்குச் சோறு. சரி, மூக்க விடு. மடியில இருக்கிற போனப் பத்தி நெனைக்காம இருக்கத்தான் மூக்கப் பத்தி நெனைக்கிறேன்னு எனக்கே தெரியுது.

திரையத் தொறக்கிறதுக்கு ஒரு நிமிசம் முன்னாலதான் அது வந்துச்சு. பஜ்ஜிக் கடை ஜெகதா அக்கா அனுப்பியிருக்கு. அந்த அக்கா ஒரு நாளைக்கு அனுப்புறத எண்ண முடியாது, வெந்நியில எலுமிச்சம்பழம், சாமி போட்டோ, பொணம் எந்திரிச்சு உக்காந்தது, எல்லாம் ஒரே சட்டியில போட்டு அனுப்பும். நான் பாக்கிறதே இல்ல. இன்னைக்குப் பாத்தேன். ஏன்னா படத்துல மரணக்கிணறு. பலகைச் சொவரு, சரிஞ்சு கெடக்கிற பைக்கு, செவப்புச் சட்டை போட்ட ஆளு, மூஞ்சிய மட்டும் மங்கலாக்கி அதச் சுத்திச் செவப்பு வட்டம், வட்டத்துக்கு ஒரு அம்புக்குறி. மேல கொட்டை எழுத்துல, மரணக்கிணற்றில் பயங்கரம், பைக் ஓட்டிய வாலிபருக்கு என்ன ஆனது தெரியுமா, கல்நெஞ்சும் கரையும், முழு வீடியோ பார்க்க இங்கே தொடவும். அடியில நீலக் கலருல ஒரு கோடு. என் வீட்டுக்காரரு கொம்பையா மரணக்கிணத்துல பைக் ஓட்டுறாரு. கம்பம் ஊருப் பக்கம் திருவிழாவுல இப்ப இந்த நேரத்துல ஓட்டிக்கிட்டிருக்காரு. செவப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஓட்டிக்கிட்டிருக்காரு. அத நான் எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கவும், தவசி அண்ணன் கயித்த இழுத்துத் திரையத் தொறக்கவும் சரியா இருந்துச்சு. போன மடியில போட்டேன், தலைய ஓட்டைக்குள்ள விட்டேன், சிரிச்சேன். வேலைன்னா வேலை. ஆனா பெருவிரலு மட்டும் அந்த நீலக்கோடு எங்க இருக்கும்னு தடவிக்கிட்டே இருக்கு.

"ஏக்கா, உடம்பு எங்க?" முன் வரிசையில ஒரு பய, காலேஜ் பையன் மாதிரி, கூடவே நாலு பேரு சிரிக்கத் தயாரா. "துவைக்கப் போட்ருக்கேன் தம்பி, காஞ்சதும் மாட்டிக்குவேன்." சிரிக்கிறாங்க. வாயி தன்னால பேசுது, அதுக்கு நான் வேணும்னே இல்ல. வாலிபர்னு போட்டிருந்துச்சே. அந்தாளுக்கு நாப்பது தாண்டிருச்சு, மீசைக்கு மையடிக்கிறாரு, அப்ப அவரா இருக்காது. அடி போடி, அறுபது வயசுல ஆத்துல விழுந்தவனையும் வாலிபர்னு போடுறவங்கதான் இவங்க. செவப்புச் சட்டை. கிணத்துல ஓட்டுற எல்லாருமே செவப்புச் சட்டைதான், தூரத்துல இருந்து பளிச்சுன்னு தெரியணும்னு முதலாளி தச்சுக் குடுக்கிறது. எல்லாருமே செவப்புன்னா அவரும் செவப்புதானே. போச்சு, சுத்தி அங்கயே வந்து நிக்குது. நானும் அந்தக் கிணத்துச் சொவத்துல ஓட்டுற மாதிரியேதான் சுத்துறேன், எறங்கவும் முடியல. "ஏம்மா, சாப்பிட்டா எங்கம்மா போகும்?" இது ஒரு பெரியவரு, வழுக்கைத் தலை, நெசமாவே கவலைப்படுறாரு. "நீங்க வாங்கிக் குடுங்க அப்பு, எங்க போகுதுன்னு சேந்தே பாப்போம்." மறுபடி சிரிப்பு. காலையில அவரோட போன்ல சண்டை. சொவத்துல சுத்தயில மேல விளிம்புல நிக்கிறவன் கைய நீட்டி ரூவா நோட்டக் காட்டுவான், இந்தாளு ரெண்டு கையையும் விட்டுட்டு எக்கி அதப் பிடுங்கிக்கிட்டு வருவாரு. வேணாம்யான்னேன். சனம் கைதட்டுதுடின்னாரு. சனம் கைதட்டும், எலும்பு யாருதுன்னேன். வச்சிட்டாரு போன. வச்சிட்டுப் போயி அதத்தான் செஞ்சிருப்பாரு. கோவத்துல இன்னும் கொஞ்சம் மேல எக்கியிருப்பாரு. எக்கயில.

பெருவிரலு நின்னுச்சு. இங்கதான் இருக்கு, இதுதான் அந்த எடம், போன எந்தப் பக்கம் பிடிச்சிருக்கேன்னு கைக்குத் தெரியும். ஒரு அமுக்கு. கண்ணுக்குத் தெரியாதுதான், ஆனா சத்தம் கேக்கும், வீடியோ ஓடும், அழுகைச் சத்தம் கேட்டா அழுகை, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா ஆம்புலன்ஸ். அமுக்கிரு பேச்சி. தெரிஞ்சுக்க வேணாமா. ஊரே பாத்திருக்கும், பொண்டாட்டி பாக்க வேணாமா. ஒரு புள்ள அம்மா முந்தானையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுது, "அம்மா, தலைக்கு வேர்க்குதும்மா." ஆமா கண்ணு, தலைக்குத்தான் வேர்க்கும், வேற எங்க வேர்க்கிறதுன்னேன். சனம் சிரிக்குது. இந்தச் சனத்தப் பாரு. இத்தனை பேரையும் உள்ள இழுத்துக்கிட்டு வந்தது என்ன. தவசி அண்ணனோட வாயி. வெளிய துணியில எழுதித் தொங்கவிட்டிருக்கிற படத்துல என் தலைய மட்டும் போட்டிருக்கு, கழுத்துக்குக் கீழ கறுப்பு மை பூசி அதுல பெருசா ஒரு கேள்விக்குறி. அண்ணன் சொல்லும், முழுசாக் காட்டிட்டா எவன் டிக்கெட் எடுப்பான், கொஞ்சம் காட்டு, மிச்சத்த மூடு, மூடுனதப் பாத்துத்தான் வருவான். கொஞ்சம் காட்டு, மிச்சத்த மூடு. இந்தப் படம் போட்டவனும் மூஞ்சிய மூடியிருக்கான். ஏன் மூடுனான். பொணத்தோட மூஞ்சிய மரியாதைக்கு மூடுறவன் அதச் சுத்தி வட்டம் போட்டு அம்புக்குறி போடுவானா. மூடுறதுக்கு மை, பாருன்னு சொல்றதுக்கு அம்பு. அடேய், இது நம்ம வேலைடா. இது எங்க துணிப் படம்டா. நீ யாருடா எனக்கே கேள்விக்குறி வரையிறது.

விரல எடுத்தேன். எடுத்து முட்டி மேல வச்சேன். இருந்தாலும் பேச்சி, ஒருவேளை. இந்த ஒருவேளைதான் எமன். அண்ணன் மைக்குல விக்கிறதே இந்த ஒருவேளையத்தான். பொய்யின்னு பாதிப் பேருக்குத் தெரியும், ஒருவேளை நெசமா இருந்தா என்னன்னுதான் உள்ள வாராங்க. ஆனா ஒரு நாயம் இருக்கு. உள்ள வந்தா நாங்க ஒரு தலையக் காட்டுறோம். சிரிக்க வச்சு அனுப்புறோம். அவன் உள்ள கூப்பிட்டு என்னத்தக் காட்டுறான். தவசி அண்ணனுக்கே நடந்துச்சே போன ஆடியில. ஊரையே உள்ள கூப்பிடுற மனுசன் ஒரு துக்கடாப் படத்துக்கு உள்ள போயிட்டாரு. வலையில் சிக்கிய கடல்கன்னி, கதறிய மீனவர்கள், கடைசியில் நடந்தது என்ன. அண்ணனுக்குக் கடல்கன்னியப் பாக்கிற ஆசை இல்ல, அத வாடகைக்குக் கேட்டு நம்ம கூடாரத்துல எனக்குப் பக்கத்துல ஒரு தொட்டி கட்டிப் போடலாம்னு ஆசை. தொட்டுச்சு. அனுமதி குடுன்னு போனு கேட்டுச்சாம். குடுத்துச்சு. இன்னொண்ணுக்கு அனுமதி. குடுத்துச்சு. கல்யாணத்துக்கு மொய் எழுதுற மாதிரி கேக்கக் கேக்கக் குடுத்திருக்கு. கடல்கன்னி வரவே இல்ல. பேங்குல இருந்தது போச்சு, அது கூடப் பரவால்ல, அண்ணன் பேருலயே அண்ணனோட சம்பந்தி வீட்டுக்கெல்லாம் அசிங்க அசிங்கமா மெசேஜ் போயி, ஒரு மாசம் மனுசன் மஃப்ளர் போட்டு மூஞ்சிய மூடிக்கிட்டு அலைஞ்சாரு. மஃப்ளரப் பாத்தவங்க எல்லாம் அண்ணே சளியான்னு கேட்டாங்க. என் போனுலதான் எங்க கூடாரத்துக்கு வர்ற புக்கிங் எல்லாம் இருக்கு, ஊரு ஊரா கோயில் கமிட்டிக்காரங்க நம்பரு இருக்கு. அத்தனை பேருக்கும் நாளைக்குப் பேச்சி பேருல என்னென்ன போகுமோ. போகட்டும், அந்தாளு உசுரு பெருசா கமிட்டி பெருசா. அந்தாளு உசுருதான். ஆனா அது இவன்கிட்டயா இருக்கு.

அந்தாளு உசுரு இவன்கிட்ட இல்ல. சொல்லிக்கிறேன், திரும்பத் திரும்பச் சொல்லிக்கிறேன். மேல வாயி பேசிக்கிட்டிருக்கு, யாரோ ஒரு அக்கா "ஒனக்குத் தல வலிக்குமா"ன்னு கேக்க, "வலிச்சா அதுமட்டுந்தாங்க வலிக்கும், மிச்சம் எல்லாம் சொகம்"னு சொல்லுது. எங்க தொழில்ல நெசமா ஒருத்தன் விழுந்தான்னா சேதி எப்பிடி வரும். எனக்குத் தெரியாதா. எங்க மாமனார் விழுந்தப்ப வந்துச்சே. ஒருத்தன் மூச்சு வாங்க ஓடியாந்து, உசிலம்பட்டியில நம்ம பெரியவரு விழுந்துட்டாரு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு, கெளம்புங்கன்னான். பேரு, ஊரு, ஆஸ்பத்திரி, கெளம்பு. அம்புட்டுத்தான். வந்தவன் எங்க மாமியா முன்னால நின்னுக்கிட்டு, ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு தெரியுமான்னு கேட்டானா. கேட்டிருந்தா வெளக்குமாறு பிஞ்சிருக்கும். சாவுச் சேதி கேள்வி கேக்காதுடி. இதுல பேரு இருக்கா, இல்ல. ஊரு இருக்கா, இல்ல. என்னைக்கு நடந்துச்சு, இல்ல. எந்த ஆஸ்பத்திரி, இல்ல. தெரியுமா மட்டும் இருக்கு. கல்நெஞ்சும் கரையும்னு எனக்கு முன்கூட்டியே அழச் சொல்லிக் குடுக்கிறான். எவன்டா நீ, ஒப்பாரிக்கு ரிகர்சல் பாக்க வந்தவன். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, நெசச் சிரிப்பு, வேலைக்குச் சிரிக்கிறது இல்ல. தலை மட்டும் தனியா சிரிக்கவும் ஒரு புள்ள பயந்து அம்மா பின்னால ஒளிஞ்சிருச்சு. சிரிச்சு முடிக்கவும் திரும்ப அந்த ஒருவேளை. நெனப்பு ஒரு பக்கம் ஜெயிக்குது, வயிறு இன்னொரு பக்கம் நம்ப மாட்டேங்குது. வயித்துக்கு எப்பிடிச் சொல்லிப் புரிய வைக்கிறது. அதுக்குக் காது இல்ல.

அப்பத்தான் கூட்டத்துக்குப் பின்னால இருந்து ஒரு ஓலம். "அடி பேச்சி, பாவி மகளே, ஒனக்கா இப்பிடி ஆகணும்." ஜெகதா அக்கா. பஜ்ஜி மாவு முழங்கை வரைக்கும், ஒரு கையில கரண்டி, ஒரு கையில போனு, மூக்கு ஒழுகுது. கூட்டத்த இடிச்சுக்கிட்டு வருது. சனம் வழி விடுது, இது ஷோவுல ஒரு பார்ட்டுன்னு நெனச்சுக்கிட்டு. ஒருத்தர் பக்கத்துல இருந்தவரு காதுல சொல்றாரு, "இது தலையோட அக்கா போலருக்கு, இதுக்கு உடம்பு இருக்கு." எனக்கு உசுரு போயிருச்சு, கொம்பையாவுக்காக இல்ல, கயித்துக்காக. அக்கா வந்த வேகத்துக்குக் கயித்தத் தாண்டிட்டா அதோட காலு ரெண்டும் கண்ணாடியில வந்து நிக்கும், மேசைக்கு அடியில ரெண்டு ஜெகதா. "அக்கா, கயித்துக்கு அங்கிட்டு நில்லு." "அய்யோ இந்த நேரத்துலயும் தொழில நெனைக்கிறியேடி." "நில்லுக்கா. நின்னு அழு." நின்னுச்சு. நின்னு போன என் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. "நான் இன்னும் பாக்கலடி, எனக்கு மனசு தாங்காது. நீ பாக்காம நான் எப்பிடிப் பாக்கிறது. இப்ப தொடுறேன், ரெண்டு பேரும் சேந்து பாத்துருவோம், மனச தேத்திக்க." மாவு விரலு நீலக்கோட்டுக்கு மேல வந்துருச்சு. எனக்குக் கை இருந்தும் கை இல்ல, பிடுங்க முடியாது, தள்ள முடியாது. வாயி மட்டுந்தான் இருக்கு. "அக்கா, விரல எடு." "ஒரு தடவ." "விரல எடுங்கிறேன்ல. தொட்ட, ஒன் பஜ்ஜிக் கடைய எவனோ ஒருத்தன் போன்லயே தூக்கிட்டுப் போயிருவான். தவசி அண்ணன் கடல்கன்னி தேடுன கதை ஒனக்குத் தெரியும்ல." விரலு நின்னுச்சு. அந்தரத்துல நின்னுச்சு. மாவு ஒரு சொட்டு கயித்து மேல விழுந்துச்சு.

"இது கடல்கன்னி இல்லடி, ஒன் புருசன்." "என் புருசன்னு அதுல போட்டிருக்கா?" அக்கா பாத்துச்சு. "போடல." "ஊரு?" "போடல." "பெறகு என்ன மயித்துக்கு அழற?" கூட்டத்துல ஒரு சிரிப்பு கெளம்பி அடங்குச்சு. அக்கா கரண்டிய இடுப்புல செருகிக்கிட்டு, "கிணறு இருக்குல்ல. செவப்புச் சட்டை இருக்குல்ல"ன்னுச்சு. அந்தக் காலேஜ் பையன் எட்டிப் பாத்தான், "ஏக்கா, நான் பாக்கவா"ன்னான். கண்ணால பாரு தம்பி, கை படக் கூடாதுன்னேன். எனக்கு அப்பத்தான் தோணுச்சு, நான் பாத்தது ஒரு நிமிசம், பாத்தது வட்டத்துக்குள்ள மட்டும். அவன் அங்கதான பாக்கச் சொன்னான், நானும் கழுதை மாதிரி அங்கயே பாத்திருக்கேன். "தம்பி, அந்த வட்டத்த விடு. கிணத்துக்கு மேல விளிம்பச் சுத்தி சனம் நின்னு குனிஞ்சு பாக்கும்ல, அது படத்துல தெரியுதா?" "தெரியுதுக்கா." "என்ன உடுத்திருக்காங்க?" பையன் கண்ணச் சுருக்குனான். அக்காவும் சுருக்குச்சு. அந்த வழுக்கைத் தலைப் பெரியவரும் கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு எட்டிப் பாத்தாரு. பெரியவருதான் சொன்னாரு, "குல்லா. கம்பளிக் குல்லா போட்டிருக்கான். பக்கத்துல இருக்கிறவன் ஸ்வெட்டரு. இந்தப் பொம்பளை சால்வை போத்தியிருக்கு." நான் கேட்டேன், வாய்க்குள்ள சக்கரை கரையிற மாதிரி இருந்துச்சு, "இப்ப என்ன மாசம் அப்பு?" "பங்குனி." "பங்குனி வெயில்ல நம்ம பக்கத்துல எவனாச்சும் கம்பளிக் குல்லா போட்டுக்கிட்டுத் திருவிழா பாப்பானா?" பெரியவரு துண்டால கழுத்தத் தொடைச்சுக்கிட்டாரு. "சட்டையே போட முடியல தாயி." கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. எங்கயோ வடக்க, என்னைக்கோ குளிர்காலத்துல எடுத்த போட்டோ. எவன் பைக்கோ, எவன் சட்டையோ. அவன் விழுந்தானா, சும்மா பைக்க நிப்பாட்டிட்டு டீ குடிக்கப் போனானா, யாரு கண்டா.

ஜெயிச்சிட்டேன். நெனப்பு ஜெயிச்சிருச்சு. ஆனா இந்த வயிறு இருக்கே, அதுக்கு ஆளு கொரலு வேணும். "அக்கா, அவருக்கு ஒரு போனப் போடு." "ஷோ நேரத்துல கிணத்துக்காரங்களுக்குப் போன் போடக் கூடாதுன்னு நீதானடி சொல்லுவ." ஆமா, சொல்லுவேன். ஓட்டுறப்ப சட்டைப் பையில போன் துடிச்சா கவனம் போயிரும்னு எங்க ஆளுங்க யாரும் போட மாட்டோம். அதனாலதான் இந்த மாதிரி புரளி எங்கள இத்தனை சுத்துச் சுத்துது, கேட்டுத் தெரிஞ்சுக்க ஆளு இருந்தும் கேக்க மாட்டோம். "பைக்க எடுக்கயில போன முதலாளிகிட்ட குடுத்திருவாங்கக்கா இப்பல்லாம். போடு." நம்பர மனப்பாடமாச் சொன்னேன். அக்கா மாவு விரலால ஒவ்வொண்ணா அமுக்குச்சு. ஸ்பீக்கர்ல போடுன்னேன். மணி அடிக்குது. கூடாரம் முழுக்க அந்தச் சத்தந்தான். அந்தப் புள்ள கூட அம்மா பின்னால இருந்து தலைய நீட்டிப் பாக்குது. அடிச்சு ஓஞ்சுச்சு. யாரும் எடுக்கல. கம்பளிக் குல்லா, கம்பளிக் குல்லான்னு மனசுக்குள்ள சாமி பேரு மாதிரி சொல்லிக்கிட்டேன். "இன்னொருக்கா போடுக்கா." மறுபடி அடிக்குது. என் கையி ரெண்டும் கீழ ஒண்ண ஒண்ணு பிடிச்சு நெரிக்குது. அடிக்குது. அடிக்குது. எடுத்தாச்சு. "யாருங்க?" வாயி நெறைய எதையோ மென்னுக்கிட்டு, எரிச்சலா, அந்தக் கட்டைக் கொரலு.

"நான்தான்யா." "இது யாரு நம்பரு? என்னடி, சாப்பிட விடமாட்டியா, இப்பத்தான் ரெண்டு ஷோ முடிச்சு புரோட்டாவுல கைய வச்சேன்." கூடாரமே கைதட்டுச்சு. நெசமாத்தான், விசிலு அடிச்சான் அந்தக் காலேஜ் பையன். ஜெகதா அக்கா கரண்டிய உருவி நெஞ்சுல வச்சுக்கிட்டு இன்னும் சத்தமா அழுதுச்சு, இது வேற அழுகை. "என்னடி அங்க சத்தம்?" "நீ சாப்பிடறதுக்குக் கைதட்டுறாங்கய்யா. நீ செத்துப் போயிட்டன்னு போன்ல வந்துச்சு." அந்தப் பக்கம் மெல்றது நின்னுச்சு. அப்புறம் ஒரு சிரிப்பு. "அதா. கம்பளிக் குல்லாக்காரன் கிணறா. இங்கயும் மொத ஷோவுக்கு முன்னாலயே வந்துச்சுடி. எங்க முதலாளி என்ன பண்ணாருன்னு கேளு. நாங்க ஓட்டுறவங்க அத்தனை பேரும் எதுக்க உக்காந்து டீ குடிக்கிறோம், தலைய எண்ணிப் பாத்தாக் கூடப் போதும். அந்த மனுசன் எங்கள ஒரு பார்வை பாத்தாரு, போன ஒரு பார்வை பாத்தாரு, நம்மள்ல யாருடா செத்ததுன்னு கேட்டுக்கிட்டே அமுக்கிட்டாரு." "அய்யய்யோ." "அனுமதி, அனுமதி, அனுமதி. இப்ப அவரு போன்ல இருந்து ஊருக்கெல்லாம் பரிசு விழுந்திருக்குன்னு மெசேஜ் போயிக்கிட்டிருக்கு. அவரு பேங்குக்கு ஓடியிருக்காரு எல்லாத்தையும் நிப்பாட்ட. நீ அமுக்கலையே?" கூடாரத்துல அத்தனை கண்ணும் என் மேல. நான் தலைய இம்புட்டுத்தான் ஆட்ட முடியும், ஆட்டுனேன், அவருக்குத் தெரியாதுன்னு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. "நான் எதுக்குய்யா அமுக்குறேன்." "பயப்படலையா?" பயந்தேன். "பயப்படறது வேற, அமுக்குறது வேற. சாப்பிடு. ரூவா நோட்டுக்கு எக்காத." "அத இப்ப எதுக்குடி இத்தனை பேருக்கு முன்னால." "எக்குனா நானே ஒன்னைப் பத்தி மெசேஜ் அனுப்புவேன், வட்டம் போட்டு." வச்சிட்டாரு. ஆனா சிரிச்சுக்கிட்டே வச்சாரு, எனக்குத் தெரியும்.

தவசி அண்ணன் திரைய வெலக்கி எட்டிப் பாத்துச்சு. "ஏப்பா, ஷோ முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, அடுத்த டிக்கெட்டுக்காரங்க வெளிய கத்துறாங்க, கெளம்புங்க." யாரும் அசையல. பெரியவரு கயித்துக்கிட்ட வந்து, கயித்தத் தாண்டாம, மரியாதையா, சட்டைப் பையில இருந்து போன எடுத்தாரு. "தாயி, எனக்கும் ஒண்ணு வந்திருக்கு. மூணு நாளா வச்சிருக்கேன். இந்த இலையத் தின்னா ஒரே ராத்திரியில சக்கரை வியாதி ஓடிப்போகுமாம், டாக்டருங்க எல்லாம் அதிர்ச்சியாம். இது எப்பிடி?" "அதிர்ச்சியான டாக்டர் பேரு போட்டிருக்கா அப்பு?" தேடிப் பாத்தாரு. "இல்ல தாயி." "எந்த ஆஸ்பத்திரியில வச்சு அதிர்ச்சி ஆனாரு?" "அதுவும் இல்ல." "அப்ப அவரு அதிர்ச்சி ஆகல. நம்ம டாக்டரக் கேளுங்க, அவருக்குப் பேரு இருக்கும். மாத்திரைய நிப்பாட்டிராதீங்க." பெரியவரு அத வாங்கிக்கிட்ட மாதிரி தலைய ஆட்டி, போன பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. அவருக்குப் பின்னால அந்தப் புள்ளயோட அம்மா நிக்குது, "எனக்கு வந்ததுல முடிய வளக்கிற ரகசியம்னு இருக்கு, தொடல, பாத்துச் சொல்லுக்கா"ங்குது. அதுக்குப் பின்னால காலேஜ் பையன், சிரிக்காம நிக்கிறான், அவனுக்கு என்னமோ வேலை வாய்ப்பு. ஜெகதா அக்கா கண்ணத் தொடைச்சுக்கிட்டு வரிசைய ஒழுங்குபடுத்துது, கரண்டியால. அதப் பாத்ததும் அண்ணனுக்குப் புத்தி வேலை செஞ்சிருச்சு, வெளிய ஓடுன வேகத்துல மைக்கு கீச்சுன்னுச்சு. "உங்கள் போனில் வந்தது உண்மையா, உருட்டா, ராணி மாயாவதி சொல்லும், வாங்க, வாங்க." இந்தக் கூடாரத்துல நான் உக்காந்த நாள்ல இருந்து உள்ள வர்ற ஒவ்வொருத்தனும் முதல்ல குனிஞ்சு மேசைக்கு அடியிலதான் பாப்பான், இல்லாத உடம்பத் தேடுவான், அப்புறந்தான் போனாப் போகுதுன்னு என் மூஞ்சியப் பாப்பான். இப்ப வரிசை திரை வரைக்கும் நீண்டு நிக்குது, அத்தனை பேரும் என் கண்ணப் பாத்து, வாயப் பாத்து, நான் என்ன சொல்லப் போறேன்னு நிக்கிறாங்க. ஒருத்தன் குனியல. "அடுத்த ஆளு வாங்க"ன்னேன். "எதையும் அமுக்காம வாங்க."